எடுத்துக் கொடுக்கும் குரல்

சான் ரோக்கே கரையில் எஸ்கொலாஸ்திகா வாய் திறக்காமல் எவனும் அரசனானதில்லை. பேரரசன் அவள் சொன்னதைத்தான் சொன்னான். இளவரசி அவள் அழச் சொன்ன இடத்தில்தான் அழுதாள். ஆனால் ஆகஸ்ட் மாதத்து மூன்று பிற்பகல்களில் கொமேதியா என்னும் பாட்டுநாடகம் பார்க்க வந்து உட்காரும் சனங்களுக்கு அவள் முகம் தெரியாது. மேடைக்கு முன்னால் மார்பளவு வெட்டிய குழிக்குள், நிப்பா ஓலையில் சிப்பிபோல் முடைந்த மூடிக்கு அடியில், மடியில் புத்தகமும் கழுத்தில் ஊதலுமாக அவள் உட்கார்ந்திருப்பாள்.

மூத்த பெண்ணை ஆலிங் என்றும் மூத்த ஆணை மாங் என்றும் அழைக்கும் ஊருக்கு அவள் ஆலிங் தீகா. வயது ஐம்பத்திரண்டு. கரையோரம் உப்பும் காடியும் மண்ணெண்ணெயும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. கணவன் உயிரோடு இருந்தவரை அந்தக் குழி அவனுடையதாக இருந்தது. அவனுக்குத் தொண்டை அடைத்துப்போன ஆண்டு, சாமி காரியம் நிற்கக் கூடாதே என்று புத்தகத்தை இவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த திருவிழாவுக்கு அவன் இல்லை. அதோடு பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

எண்ணூற்றுச் சொச்சம் பாட்டு. ஒவ்வொன்றும் நாலடி. கறுப்பு உடுத்தியவர்கள் கிறிஸ்தவப் படை, சிவப்பு உடுத்தியவர்கள் மூர் என்னும் முஸ்லிம் படை. வலை இழுப்பவனுக்கும் தென்னை ஏறுபவனுக்கும் இத்தனையையும் மனப்பாடம் செய்ய நேரம் ஏது? அதிலும் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தீகா ஓர் அடியைச் சொல்வாள். மேடையில் நிற்பவன் அதைக் காதில் வாங்கி, கையை வீசி, ராகம் இழுத்துச் சபைக்குச் சொல்வான். பிறகு அடுத்த அடி. அவள் ஊதல் ஊதினால் பித்தளை வாத்தியம் முழங்கும். அதோடு நடையோ சண்டையோ தொடங்கும். ஊதல் வராமல் எவனும் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். வாய்க்குக் காது போதும், மனசு வேண்டாம் என்று அந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு.

மனசு வேண்டாம் என்பதற்குச் சாட்சியும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னால் குழிக்குள் சிவப்பு எறும்பு அவள் தொடையில் கடித்துவிட்டது. பாட்டின் நடுவே அவள் தன்னையறியாமல் "ஐயோ, எறும்பு" என்றாள். மேடையில் மூர் இளவரசன் சுலிமானாக நின்ற மாங் ஹிலாரியோன், நெஞ்சை நிமிர்த்தி, வலக்கையை வானத்துக்கு நீட்டி, அரசர் குரலில் "ஐயோ, எறும்பு!" என்று முழங்கினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு எதற்கென்று அவருக்குப் புரிய இன்னும் இரண்டு அடி ஆனது. அதற்குப் பிறகு கடைக்கு வரும் பெண்கள், "உன் வாயைக் கொஞ்சம் இரவல் குடு தீகா, எம் புருஷன்கிட்ட நாலு வார்த்தை சொல்ல வைக்கணும்" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆனால் கொமேதியாவே சிரிப்புக்கு நடப்பதல்ல. கொள்ளைநோய்க் காலத்தில் பாட்டன்மார் ஊர்ப் புனிதர் சான் ரோக்கேவின் காலடியில் வைத்த நேர்த்தி அது. வருடம் தவறாமல் மூன்று பிற்பகல். ஒரு பாட்டுக்கூடக் குறையக் கூடாது. ஒரே ஓர் ஆண்டு, மழைக்குப் பயந்து பாதியில் கலைந்தார்கள். அந்தக் கிறிஸ்துமசுக்குள் காய்ச்சலில் நாற்பத்தொரு பேர் போனார்கள். அந்த எண்ணைக் கரையில் குழந்தைகள்கூடச் சொல்லும். அதன் பிறகு இடி விழுந்த ஆண்டிலும் ஆடினார்கள். அரசனாக நின்றவனின் தாய் இறந்த அன்றைக்கும் ஆடினார்கள்.

அறுபத்தொன்பதாம் ஆண்டுத் திருவிழாவுக்கு முந்தைய அக்டோபரில்தான் நார்சிசோ கடலோடு போனான்.

பத்தொன்பது வயது. மாங் காசிமிரோவின் ஒரே மகன். ஹிலாரியோனின் படகில் போன நான்கு பேரில் மூவர், உடைந்த பக்கக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மறுநாள் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை. ஹிலாரியோன் அவனுக்கு ஞானத்தகப்பன். காசிமிரோவும் ஹிலாரியோனும் இருபது ஆண்டுகளாக அந்த ஞான உறவில் ஒருவரையொருவர் கும்பாரே என்று அழைத்து, ஒரே குடுவையில் தென்னங்கள் குடித்தவர்கள். மேடையிலும் எதிரெதிரே நிற்பவர்கள்: காசிமிரோ கறுப்புப் படைத் தளபதி ரெய்முந்தோ, ஹிலாரியோன் அவர் வாளுக்கு விழும் சுலிமான். ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் நாள் வாள் அவர் அக்குளுக்கு அடியில் புகும், அவர் சாய்வார், கும்பாரே கைகொடுத்துத் தூக்கிவிடுவார்.

புயல் செய்தி கரைக்கு வரவே இல்லை, வந்திருந்தால் படகை விட்டிருப்பேனா என்று சவமில்லாத சாவு வீட்டில் ஹிலாரியோன் அழுதார். ஊர் நம்பியது.

தீகாவுக்குத் தெரியும். அன்று விடியலில் கடைப்பலகையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, லமோன் விரிகுடாக் கரைகளுக்கு இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை என்று இரண்டு முறை சொன்னார்கள். பையன்களுக்குச் சுருட்டு வாங்க வந்திருந்த ஹிலாரியோன் கையை நீட்டித் தானே ரேடியோவை அணைத்தார். இவங்களுக்கு இதே வேலை, பசங்களைப் பயமுறுத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்கு உன் ரேடியோல பேட்டரி தீர்ந்து போயிருந்துச்சு. இல்லையா, தீகா?"

கடை நின்ற மண் அவருடையது. ஆனால் அதற்காகத்தான் பயந்தோம் என்று அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது எவ்வளவு எளிது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா. பேட்டரி தீர்ந்து போயிருந்துச்சு."

அதற்குப் பிறகு காசிமிரோ உப்பு வாங்க வந்த ஒவ்வொரு நாளும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒருமுறை மட்டும் கேட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றாள். அவர் ரேடியோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உப்பை எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் வேறு கடைக்குப் போனார்.

ஆகஸ்ட் வந்தது. முதல் நாள் பிற்பகல் சபை கூடியது, தூதர்கள் வந்தார்கள், போர் அறிவித்தார்கள். எல்லாம் வழக்கம்போல. ஆனால் குழிக்குள்ளிருந்து பார்ப்பவளுக்கு முகங்களைவிடக் கால்கள்தான் நன்றாகத் தெரியும். பாட்டைத் திருப்பிச் சொல்லும்போது காசிமிரோவின் கால்விரல்கள் பலகையைப் பற்றிக்கொண்டிருந்தன, ஆடும் படகில் நிற்பவனின் விரல்களைப்போல.

இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்தது. நடிகர்கள் வாள்களை ஓலை மூடியின்மேல் சாய்த்துவிட்டு, வாழையிலையில் அவித்த சுமான் அரிசியடை தின்னப் போய்விட்டார்கள். தீகா குழியிலிருந்து ஏறப் பிடிமானம் தேடிக் கையை வைத்தாள். வலி முதலில் தெரியவில்லை. இரத்தம் மணிக்கட்டுவரை வந்த பிறகுதான் பார்த்தாள்.

கொமேதியா வாள்கள் இரும்புதான், ஆனால் மொட்டை. சத்தம் வருவதற்காக இரும்பு. மூன்று தலைமுறையாக ஒருவர் தோல்கூடக் கிழிந்ததில்லை. இந்த வாள் தேங்காயெண்ணெய் மணத்தது. மீன் அறுக்கும் கத்தியைத் தீட்டுவதுபோல, ஆற்றுக்கல்லில் பொறுமையாகப் பல நாள் தீட்டியிருந்தார்கள். கைப்பிடியில் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. கறுப்புத் துணி சுற்றிய வாள் ஒன்றுதான். தளபதி ரெய்முந்தோவின் வாள்.

விரலைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே காசிமிரோவின் படகுக் கொட்டகைக்குப் போனாள். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். வாளை அதற்குள் எடுத்துவந்து மடியருகில் வைத்திருந்தார். கட்டிய விரலைப் பார்த்தார். எதையும் மறைக்க முயலவில்லை.

"கையைப் பாத்து வைக்கணும், ஆலிங் தீகா."

"இது சாமிக்கு முன்னால ஆடுற ஆட்டம், மாங் காசிமிரோ."

"தெரியும். சாமி பாக்கட்டும்."

அவள் என்னென்னவோ சொன்னாள். சிறை என்றாள். அவர் மனைவி தனியாகிவிடுவாள் என்றாள். அவர் வலைமுடிச்சைப் பல்லால் இறுக்கினார். பத்து மாதமாக மனைவி தினமும் ஒரு தட்டு கூடுதலாகச் சோறு வைக்கிறாள், அதைவிடவா தனிமை என்று கேட்டார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

"அவரைக் கொல்லணும்னு எனக்கு ஆசை இல்ல. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. தெரிஞ்சுதான் அனுப்புனேன்னு ஒரு வார்த்தை. ஊர் நடுவுல, அவர் வாயால. கேட்டேன், கோயில்ல வச்சுக் கேட்டேன். பேட்டரின்னார். அந்த மூணு பசங்களும் சொன்னாங்க, அன்னிக்கு வானம் பாக்கவே செம்பு மாதிரி இருந்துச்சு, ஆனா மாங் ஹிலாரியோன் ரேடியோ கேட்டுட்டு வந்தேன், ஒண்ணும் இல்லேன்னாராம். ரேடியோ கேட்டுட்டு வந்தேன்னு சொன்னவருக்கு, பேட்டரி எப்பத் தீந்துச்சு?"

அவள் விரல்கட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அந்த வார்த்தை வந்திருந்தா இந்தக் கல்லை நான் தொட்டிருக்க மாட்டேன். வராது. அதனால நாளைக்கு உங்க ஊதலுக்காகக் காத்திருப்பேன். நீங்க ஊதுறவரைக்கும் கையை ஓங்க மாட்டேன். முறை முறைதான்."

சொல்லிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார். இரண்டு பொய்யில் ஒன்று தன்னுடையது என்று அவருக்குத் தெரியும் என்பது கொட்டகையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை திருவிழாப் பொறுப்பு ஏற்றிருந்த ஆலிங் பெலாஜியாவிடம் போனாள். வாளை மாற்றிவிடலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். நேர்த்தி வாள், மூன்று நாளும் ஒரே கையில்தான் இருக்க வேண்டும் என்றாள் பெலாஜியா. சண்டைக் கட்டத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டால் என்ன என்று கேட்டதும், மேரி மாதாவுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நாப்பத்தோரு பேர், தீகா. அதுல ரெண்டு பேர் எங்கம்மாவோட அக்கா தங்கச்சி. ரேடியோல வேற காலைலேர்ந்து கிழக்கே காத்துங்கறான். நீ ஒரு பாட்டை முழுங்கினா, ஊரை முழுங்கறதுக்கு அது வந்து நிக்கும்."

கிழக்கே வானம் அப்போதே மஞ்சளும் செம்புமாக இருந்தது.

கடைசியாக ஹிலாரியோன் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி முன் நின்று சிவப்பு மேலங்கியின் ஜரிகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாளைப் பற்றிச் சொன்னாள். கட்டிய விரலைக் காட்டினாள். அவர் அந்த விரலையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"காசிமிரோ ஆட்டுக்குட்டி. பத்தொம்பது வருஷமா என்னைக் கொல்றான், இன்னும் சரியா வரல."

"நீங்க இன்னிக்கு மேடை ஏற வேணாம். காய்ச்சல்னு சொல்லிடுங்க."

"ஏறலைன்னா ஊர் என்ன சொல்லும்? பயந்துட்டான், தப்பு செஞ்சவன்னு சொல்லும்." ஜரிகையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "பேட்டரி தீர்ந்து போயிருந்துச்சு, தீகா. நீதான சொன்ன."

அவள் வீட்டுக்கு வந்தாள். புத்தகத்தைத் திறந்து சண்டைக்கு முந்தைய பக்கத்தில் விரலை வைத்தாள். துணியின் ஊடே இரத்தம் கசிந்து காகிதத்தில் பட்டது. அந்தப் புத்தகத்தை நடிகர்களில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதற்கு அந்தக் கரையில் அவள் வாய் ஒன்றுதான் சாட்சி. நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலை எடுக்கவில்லை. எழுதி வைத்தால் சொல்ல வராது என்று பட்டது.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கே பொழுது மங்கியது. மழை தொடங்கியிருந்தது, ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குடையும் வாழையிலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழிக்குள் தண்ணீர் கணுக்கால்வரை ஏறியிருந்தது. காகிதம் நனையாமல் இருக்கப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி தீகா பாட்டு எடுத்துக் கொடுத்தாள். அரசன் ஆணையிட்டான். இளவரசி அழுதாள். ஊதல். வாத்தியம். இரண்டு படைகளும் நடைபோட்டு எதிரெதிரே நின்றன. மற்றவர்கள் விலக, நடுவில் இருவர்.

தளபதி ரெய்முந்தோவின் அறைகூவல் மூன்று பாட்டு. காசிமிரோ ஒவ்வோர் அடியையும் ஏற்ற இறக்கமில்லாமல், கணக்காகச் சொன்னார். கறுப்புத் தொப்பியின் இறகு நனைந்து காதருகில் தொங்கியது. வாளின் ஓரத்தில் மழைத்துளி நிற்காமல் வழிந்ததைத் தீகா பார்த்தாள். மொட்டை வாளில் துளி நிற்கும்.

சுலிமானின் பதில் மூன்று பாட்டு. அதன்பின் ஊதல். முதலிரண்டு பாட்டை ஹிலாரியோன் இடிக்கு ஈடுகொடுத்து முழங்கினார். இவ்வளவு நன்றாக அவர் என்றைக்கும் சொன்னதில்லை. மூன்றாவதும் முடிந்தது. வாத்தியக்காரர்கள் ஊதுகுழலை உதட்டில் வைத்தார்கள். காசிமிரோவின் கால்விரல்கள் பலகையைப் பற்றின.

தீகா ஊதலை எடுக்கவில்லை. புத்தகத்தை மூடினாள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடிய அதே ராகத்தில், அதே உயரத்தில் குரலை எடுத்தாள்.

"புயல்வரும் என்று வானொலி சொன்னது…"

"புயல்வரும் என்று வானொலி சொன்னது!" என்றார் ஹிலாரியோன், கையை வானத்துக்கு வீசி.

"சொன்ன அவ்வாயை என்கை அடைத்தது…"

"சொன்ன அவ்வாயை என்கை அடைத்தது!"

"கரையில் சிரித்தவன் அதனைக் கேட்கிலன்…"

"கரையில் சிரித்தவன் அதனைக் கேட்கிலன்…" என்று இழுத்தவரின் கை பாதி வழியில் நின்றது. எறும்பு நாளில் ஆனதுபோல, வாய் முன்னால் போய்விட்டது. மனசு இப்போதுதான் வந்து சேர்ந்தது: கரையில் சிரித்தவன் நார்சிசோ.

"கேட்டவன் நானே, அனுப்பினேன் நானே."

அவர் சொல்லவில்லை. மூடியைப் பார்த்தார். சனங்களிடையே சிரிப்பு எழவில்லை. கறுப்புப் படையில் நின்ற மூன்று பையன்களில் ஒருவன் வாளைக் கீழே விட்டான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அடி மறந்த நடிகனுக்கு என்ன செய்வாளோ அதையே தீகா செய்தாள். மறுபடி எடுத்துக் கொடுத்தாள். அதே அடி. அதே ராகம். ஹிலாரியோனின் உதடு அசைந்தது. இது புத்தகத்தில் இல்லை என்று கத்த அவருக்கு வாய் வந்திருக்கும். ஆனால் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு பாட்டைச் சொல்லாமல் விட்டவன் தலையில் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். முன்வரிசையில் பெலாஜியா செபமாலையைப் பிடித்தபடி, "சொல்லுங்க, மாங் ஹிலாரியோன். முடிங்க" என்றாள். அவளுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை.

மூன்றாம் முறை எடுத்துக் கொடுத்தபோது அவர் சொன்னார். ராகம் இல்லை, கை வீச்சு இல்லை. கடைப்பலகையில் சுருட்டு கேட்கும் குரலில் சொன்னார்.

"கேட்டவன் நானே. அனுப்பினேன் நானே."

தீகா நிறுத்தியிருக்கலாம். காசிமிரோ கேட்டது வந்துவிட்டது. ஆனால் ஒரு பாட்டோடு நிறுத்தினால் அது பாதிப் பாட்டு என்று அவளுக்குப் பட்டது.

"ஊமை வானொலி என்றேன் ஊரிடம்… அவ்விதம் சொல்லென ஒருத்தியைக் கேட்டேன்… கேட்டதைக் கேட்டபடி சொன்னவள் அவளே…"

ஹிலாரியோன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். இப்போது அவரிடம் நிறுத்துவதற்குப் பலமே இல்லை. அவர் நின்ற விதம் தூக்கத்தில் நடப்பவன் நிற்கும் விதம்.

"இன்றெனக்கு அடியெடுத்துக் கொடுப்பவள் அவளே."

"இன்றெனக்கு அடியெடுத்துக் கொடுப்பவள் அவளே."

ஊதல் அவள் கழுத்தில் கிடந்தது. காசிமிரோ இன்னும் அதற்காகத்தான் காத்திருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பலகை அதிர்ந்தது. அவர் கால்கள் சுலிமானை நோக்கிப் போகவில்லை; குழியை நோக்கி வந்தன. வாள்நுனி ஓலை மூடியின் விளிம்பில் நுழைந்து அதைத் தூக்கிப் புரட்டியது. பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாகச் சபை அவள் முகத்தைப் பார்த்தது. முழங்கால்வரை சேற்றுத் தண்ணீரில், புத்தகத்தை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, அவள் அண்ணாந்து நின்றாள்.

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று பின்னால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் வாளைக் குழியின் வாயில் குறுக்காக வைத்தார், கூர் அவள் பக்கமாக. இறகுத் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். மேடையிலிருந்து இறங்கி, வழிவிட்ட சனங்களுக்கு நடுவே நடந்து போனார். அவர் மனைவி எழுந்து பின்னால் போனாள்.

ஹிலாரியோன் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

மிச்சம் அறுபத்து மூன்று பாட்டு இருந்தது. முடியுங்கள், யாராவது வந்து முடியுங்கள் என்று பெலாஜியா அழுதாள். சிவப்பிலும் கறுப்பிலும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் தீகா புத்தகத்தைத் திறந்தாள். மிச்சத்தை அவளே சொன்னாள். அவளே ஊதலை ஊதினாள். ஒரு முரசு மட்டும் எங்கோ இரண்டு தட்டுத் தட்டி நின்றது. சுலிமான் விழுந்ததையும், மூர் அரசன் ஞானஸ்நானம் பெற்றதையும், இரண்டு நாடுகளும் சமாதானமானதையும், சான் ரோக்கேவுக்கு நன்றி சொல்லும் கடைசிப் பாட்டையும், நனைந்து ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்துப் பிரித்து, குறுக்கே கிடந்த வாளைத் தொடாமல் சொல்லி முடித்தாள். கேட்பதற்கு முப்பது பேர்போல மிஞ்சியிருந்தார்கள். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

கிழக்கே இருந்த காற்று அன்றைக்கு வடக்கே திரும்பிப் போனது. அதைச் சான் ரோக்கேவின் கருணை என்று ஒருவரும் சொல்லவில்லை. தவணை என்றார்கள்.

அடுத்த வாரங்களில் ஊர் கணக்குப் போட்டது. ஒரு பாட்டும் குறையவில்லை என்றார்கள் சிலர். இரண்டு பாட்டு கூடிவிட்டதே, கூடினாலும் குறைதானே என்றாள் பெலாஜியா. ஹிலாரியோனின் படகுகளில் ஏற ஆள் கிடைக்கவில்லை. அவை கரையில் வெயில் காய்ந்தன. அவர் தீகாவை இடத்தைவிட்டுப் போகச் சொல்லவில்லை. அவளே கடையைப் பிரித்து, கோயிலுக்குப் பின்னால் இரண்டு மூங்கிலில் கட்டிக்கொண்டாள். வாங்க வந்தவர்கள் குறைவு. வந்தவர்களும் சில்லறை கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செப்டம்பரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் இறங்கியது. அதற்குள் பாதிக் கரை அதன் வீட்டு வாசலில் கூடி நின்று, முதல் ஆளா என்று பார்த்துவிட்டுப் போனது. யார் இருமினாலும் எண்ணினார்கள். நாய்கள் ஊளையிட்டால் எண்ணினார்கள். புத்தகத்தைப் பெலாஜியா வாங்கிக்கொண்டு போய், சான் ரோக்கேவின் பீடத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

நவம்பர் முதல் வாரம், விடிந்தும் விடியாமலும், ரேடியோ பாட்டை நிறுத்தியது. மூன்றாம் எண் எச்சரிக்கை. லமோன் விரிகுடாவின் எல்லாக் கரைகளும். உச்சிப்பொழுதுக்குள்.

தீகா ரேடியோவை அணைக்கவில்லை. அது பேசிக்கொண்டே இருக்க, அவள் செருப்பில்லாமல் கரைக்கு ஓடினாள். கடல் மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல வழுவழுவென்று அசையாமல் கிடந்தது. வானம் செம்பு. ஏழெட்டுப் படகுகளைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வந்துவிட்டது, இதோ இவள் வாய் வழியாகவே வருகிறது என்றான் ஒருவன்.

அவள் மணலில் நின்று, குழிக்குள்ளிருந்து கடைசி வரிசைவரை போகும் குரலை எடுத்தாள்.

"மூன்றாம் எண் எச்சரிக்கை…"

பிறகு மிக அருகில் இருந்தவன், அரசர் வேடம் போடும் தென்னை ஏறுபவன், தன்னையறியாமல் அதைத் திருப்பிச் சொன்னான். அவனுக்கு அப்பால் இருந்தவன் அவனிடமிருந்து வாங்கினான்.

"உச்சிக்குள் காற்று…"

"உச்சிக்குள் காற்று" என்று கரை நெடுகக் குரல் போனது, படகிலிருந்து படகுக்கு, நீர்முனைவரை. "எல்லாப் படகும் மேலே…" என்றாள். அதுவும் போனது. தள்ளிய கைகள் இழுக்கத் தொடங்கின.

கடைசிப் படகு காசிமிரோவுடையது. பாதி தண்ணீரில் இருந்தது. அவர் மட்டும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. துடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் குரல் போய் முடிந்த இடத்தைப் பார்ப்பவர்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் கரையைவிட்டு மெல்லப் பின்வாங்கத் தொடங்கியிருந்தது; வழக்கமாக மூழ்கிக் கிடக்கும் கருங்கற்கள் ஈரத்தோடு வெளியே தெரிந்தன.

பிறகு அவர் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு இழுத்தார். தனியாக இழுத்தார். உதவப் போன தீகா இரண்டடி தள்ளி நின்றாள். படகை அவளருகே கொண்டுவந்து நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆகஸ்டுக்குப் பிறகு முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

"போன வருஷம் இந்தக் குரல் எங்க போச்சு, ஆலிங் தீகா?"

திட்டவில்லை, கேட்டார். பதிலுக்காக நின்றார். அவள் வாயைத் திறந்தாள். முதல் காற்று வந்து மணலை அவர்கள் இருவர்மீதும் வாரி இறைத்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளாமல், இன்னும் நின்றார்.